அப்பாவின் மருத்துவப் பதிவுகள் எல்லை கடந்து இணைக்கப்படுவதற்கு ஒப்புதல் தரலாமா?

தேன்மொழி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தபோது, பன்னாட்டு ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டு, பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். நடுக்கத்தால் அப்பாவால் தாளைப் பிடித்துப் படிக்க முடியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். இரத்தம் எடுப்பார்கள், மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள் என்பதெல்லாம் விளங்கியது. ஒன்பதாம் பக்கத்து வாக்கியம் ஒன்றில்தான் நின்றுவிட்டேன். அவருடைய மருத்துவமனைப் பதிவுகள், மருந்துச் சீட்டுகள், மரபணு விவரங்கள் ஆகியவை மற்றப் பதிவேடுகளோடு இணைக்கப்பட்டு, வேறு நாடுகளிலுள்ள கூட்டாளி நிறுவனங்களால் ஆராயப்படலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.

அப்பா யோசிக்கவே இல்லை. "யாருக்காவது பயன்பட்டால் சரி, கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இணைத்தல் என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஒரு மருத்துவமனைக்குள்ளேயே அறிய முடியாத எதை இப்படி இணைத்து அறிந்திருக்கிறார்கள்? பிறகு வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பெற முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மதிவாணன்

வணக்கம் அம்மா. நான் மருத்துவப் பதிவேடுகளை இணைத்து ஆராயும் பணியில் இருக்கிறேன். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

ஒரு மனிதரின் உடல்நிலை பற்றிய செய்திகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நரம்பியல் மருத்துவர் எழுதியது ஓரிடத்தில், மருந்தகம் பதிந்தது இன்னோரிடத்தில், பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவேட்டில், இருபது ஆண்டுகளுக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த இரத்தம் ஏதோ ஓர் உறைபெட்டியில் என்று சிதறிக் கிடக்கின்றன. இவையெல்லாம் ஒரே ஆளுடையவைதாம் என்று உறுதிசெய்து ஒரு சரட்டில் கோப்பதே இணைப்பு. முறையாக நடக்கும் இடங்களில், பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்துகிறவர்கள் நோய் விவரத்தைப் பார்ப்பதில்லை. நோய் விவரத்தை ஆராய்கிறவர்களுக்குப் பெயர் போவதில்லை, பெயருக்குப் பதிலாக இடப்பட்ட எண் மட்டுமே போகிறது. டென்மார்க் 1968-லேயே குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கிவிட்டதால் அங்கே இந்தக் கோத்தல் எளிது. அத்தகைய எண் இல்லாத இடங்களில் பெயரின் எழுத்துக்கூட்டல், பிறந்த ஆண்டு, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு நிகழ்தகவின்படி பொருத்த வேண்டியிருக்கிறது. அதில் பிழைகளும் நேர்கின்றன.

நரம்பியல் நோய்களுக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், அவை வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகின்றன. அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதம் மூளையில் படியத் தொடங்குவது, மறதி தலைகாட்டுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பாகவே. நோயாளி மருத்துவரின் முன் வந்து உட்காரும் நாளில் காரணம் பழங்கதையாகியிருக்கும். அந்தப் பழங்கதையை யாரோ, எதற்காகவோ, எப்போதோ குறித்து வைத்திருந்தால்தான் அதைத் தேடிப் பிடிக்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நெடுங்காலமாகவே ஐயப்பட்டு வந்தார்கள். ஆனால் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அந்த வைரஸ் தொற்றியிருக்கும்போது, நோயாளிகளின் இரத்தத்தில் அது இருப்பதைக் காட்டுவதால் என்ன நிறுவ முடியும்? அமெரிக்கப் படையினரிடம் எச்.ஐ.வி. சோதனைக்காகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தம் எடுத்து, மிஞ்சிய சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியைச் சேமித்து வைத்திருந்தார்கள். அந்தச் சேமிப்பையும் படையினரின் மருத்துவப் பதிவுகளையும் இணைத்தபோது, இருபது ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அடங்கிய கூட்டத்தில் 955 பேருக்கு அந்த நோய் வந்திருப்பது தெரிந்தது. சீரம் கிடைத்த 801 நோயாளிகளில் 35 பேருக்குத் தொடக்கத்தில் வைரஸ் தொற்று இல்லை; நோய் தொடங்குவதற்குள் அவர்களில் 34 பேருக்குத் தொற்றிவிட்டிருந்தது. தொற்றுக்குப் பின் நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. 2022-இல் வெளியான இந்த முடிவை எந்தத் தனி மருத்துவமனையாலும் எட்டியிருக்க முடியாது.

இன்னொன்று வேல்ஸ் நாட்டிலிருந்து. அங்கே 2013 செப்டம்பரில் அக்கி நோய்க்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டுமே தகுதி என்று விதித்தார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்கும் ஒரு வாரம் பின்னால் பிறந்தவருக்கும் ஊசியைத் தவிர வேறென்ன வேறுபாடு இருந்துவிடும்? 2,80,000-க்கும் மேற்பட்டோரின் இணைக்கப்பட்ட பதிவுகளை ஏழு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதாக மறதிநோய் கண்டறியப்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்தப் பதிவுகளைத் தந்தவர்கள் யாரும் மறதிநோய் ஆய்வு ஒன்றுக்காக அவற்றைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அருவி

மதிவாணன் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டுமே ஒரு நாட்டுக்குள் முடிந்துவிட்டனவே. தேன்மொழி அக்காவின் தயக்கம் வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றியது அல்லவா? எல்லை கடந்து செல்ல வேண்டிய தேவைதான் என்ன?

மதிவாணன்

சரியான கேள்வி. எனக்குத் தெரிந்து மூன்று தேவைகள் இருக்கின்றன; அவை ஒரே எடை உடையவை அல்ல.

எளிதில் விளங்குவது அரிய நோய்கள். ஏ.எல்.எஸ். போன்ற இயக்க நரம்பணு நோய்க்கு எந்த ஒரு நாட்டிலும் போதிய எண்ணிக்கையில் மாதிரிகள் கிடைப்பதில்லை. நெதர்லாந்தில் அந்த நோய்க்கு ஆளான இருவர்தாம் 2013-இல் "பிராஜெக்ட் மைன்" என்ற திட்டத்தைத் தூண்டிவிட்டார்கள். பல நாடுகளில் 15,000 நோயாளிகளின் மரபுத்தொகுதியையும் நோயற்ற 7,500 பேரின் மரபுத்தொகுதியையும் படிப்பது அதன் இலக்கு. நோயாளிகளே எண்ணிக்கையின் அருமையை உணர்ந்து தொடங்கிய வேலை அது.

இரண்டாவது, ஓரிடத்தில் கண்டது இன்னோரிடத்திலும் நிற்கிறதா என்று பார்ப்பது. உங்கள் அப்பாவின் நோயையே எடுத்துக்கொள்வோம். பார்க்கின்சன் நோய் குடலில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே மூளைக்கு ஏறுகிறதோ என்று ஒரு கருதுகோள் உண்டு. முற்காலத்தில் வயிற்றுப் புண்ணுக்காக அந்த நரம்பை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை வழக்கில் இருந்தது. டென்மார்க் பதிவேடுகளைக் கொண்டு, நரம்பு முழுமையாக வெட்டப்பட்டவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் குறைவாக வந்தது என்று 2015-இல் ஒரு குழு எழுதியது. அதே நாட்டுப் பதிவேடுகளைப் பார்த்த வேறொரு குழு, அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று மறுத்தது. 2017-இல் சுவீடன் பதிவேடுகளில் தேடியபோது, எல்லா வகை அறுவையையும் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு எதுவும் தெரியவில்லை. முழுமையாக வெட்டப்பட்டவர்களிடம் மட்டும் குறைவு தென்பட்டது. ஒரு நாட்டோடு நின்றிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்போம். இப்போது எவ்வளவு நம்பலாம், எவ்வளவு ஐயப்படலாம் என்பதாவது தெரிகிறது.

மூன்றாவதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். பார்க்கின்சன் நோயின் மரபியலை உலகெங்கும் ஆராயும் ஜி.பி.2 கூட்டமைப்பு, நைஜீரியர்கள் உள்ளிட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டது. அதில் இருந்த நோயாளிகள் 1,488 பேர்தாம். ஆனால் அதற்கு முன் பல்லாயிரக்கணக்கான ஐரோப்பியர்களிடம் தேடியும் தென்படாத ஒரு மாற்றம், ஜி.பி.ஏ.1 என்னும் மரபணுவில், அந்த மக்களிடம் பரவலாக இருப்பது வெளிப்பட்டது. ஐரோப்பியர்களை இன்னும் பத்து மடங்கு சேர்த்திருந்தாலும் அது கிடைத்திருக்காது. யார் சேர்க்கப்படவில்லையோ அவர்களுடைய நோயைப் பற்றி நாம் அறியாமலேயே இருப்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் செழியன்

நான் நரம்பியல் மருத்துவர். மதிவாணன் எழுதியவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தப் பதிவேடுகளை நிரப்புகிறவன் என்ற முறையில், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் தேன்மொழிக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

பார்க்கின்சன் நோய்க்குப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் ஜி20 என்று ஒரு குறியீடு உண்டு. கணினியில் அந்தக் குறியீடு இருந்தால் ஆய்வாளர் அதைப் பார்க்கின்சன் என்று எண்ணிக் கணக்கில் சேர்ப்பார். நான் அதை எப்போது இடுகிறேன் தெரியுமா? சில வேளைகளில் உறுதியாகத் தெரியும்போது. சில வேளைகளில் ஐயம் இருக்கிறது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கும்போது, ஏனென்றால் ஐயத்துக்கென்று கணினியில் ஒரு கட்டம் இல்லை. மனநோய்க்கான சில மருந்துகளால் வரும் விறைப்பும் நடுக்கமும் பார்க்கின்சனைப் போலவே தோன்றும். பல உறுப்பு மண்டலங்கள் தேயும் வேறு நோய்களும் முதல் சில ஆண்டுகளில் அப்படியே ஏமாற்றும். மூன்று ஆண்டு கழித்து என் முடிவை நான் மாற்றிக்கொள்வேன். பழைய குறியீட்டை அழிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

அதைவிட ஆழமான சிக்கல், எழுதப்படாதவற்றில் இருக்கிறது. ஒருவருடைய பதிவில் வலிப்பு நோய் என்ற சொல் இல்லை என்றால், அவருக்கு வலிப்பு வந்ததில்லை என்றும் பொருள் கொள்ளலாம். வந்தும் அவமானத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் போகவில்லை என்றும் கொள்ளலாம். போனார், மருத்துவமனையில் கணினி இல்லை என்றும் கொள்ளலாம். இரண்டு நாடுகளின் தரவுகளை அருகருகே வைத்து, இங்கே மறதிநோய் குறைவு, அங்கே கூடுதல் என்று ஒருவர் படம் வரையும்போது, அவர் வரைவது நோயின் பரவலையா, மருத்துவர்களின் பரவலையா என்று முதலில் கேட்க வேண்டும்.

அறிவாற்றல் தேர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். "இந்த வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்யுங்கள்", "இந்த ஐங்கோணத்தைப் பார்த்து வரையுங்கள்" என்பவை பள்ளிக்குப் போனவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. எழுத்தறியாத ஒரு மூதாட்டி அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அவருடைய மூளை தேய்ந்துவிட்டது என்று எழுதிவிடுவதா? தன் வாழ்நாள் முழுவதும் கணக்கை மனத்திலேயே போட்டு ஒரு குடும்பத்தை நடத்தியவர் அவர். இதை உணர்ந்துதான், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பொது அறிவாற்றல் மதிப்பீட்டு முறையை மெக்சிகோ, இந்தியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்குக் கொண்டுசென்றபோது, ஒவ்வோர் இடத்திலும் கேள்விகளை மாற்றியமைத்தார்கள். இந்தியாவில் அறுபது வயது கடந்தோரிடம் நடந்த ஆய்வில், எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும்படி முன்பே உருவாக்கப்பட்டிருந்த இந்தித் தேர்வைச் சேர்த்துக்கொண்டு, மற்ற மொழிகளிலும் நடத்தினார்கள். எந்தக் கேள்வி எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தருகிறது, எது தரவில்லை என்று பிரித்து, பொதுவான கேள்விகளைப் பாலமாக வைத்து மதிப்பெண்களை ஒப்பிடுகிறார்கள். மெதுவான வேலை, யாரும் கைதட்டாத வேலை. தரவு இணைப்பில் அறிவு பிறக்கும் இடம் அதுதான் என்பது என் எண்ணம். கோப்புகளைக் குவிப்பது எளிது.

மதிவாணன்

செழியன் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: நாங்கள் ஒற்றைக் குறியீட்டை நம்பி உட்காருவதில்லை. ஜி20 இருக்கிறதா, பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மருந்து தொடர்ந்து வாங்கப்பட்டிருக்கிறதா, நரம்பியல் மருத்துவரே அதை எழுதினாரா, மனநோய் மருந்து முன்னால் இருந்ததா என்று பலவற்றைச் சேர்த்து ஒரு வரையறை செய்து, அதில் விழுந்தவர்களில் ஒரு பகுதியினரின் முழுக் கோப்பையும் மருத்துவர்களைக் கொண்டு படிக்கச் செய்து, எத்தனை சரி என்று எண்ணுகிறோம். அப்படி எண்ணாமல் வெளியிடப்படும் கட்டுரைகளும் இருக்கின்றன என்பது உண்மைதான். அவற்றை நான் நம்புவதில்லை.

யார் சேர்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பிரிட்டனின் நலத்தரவு, உயிரிய மாதிரிக் கிடங்கான யு.கே. பயோபேங்க் 2006-க்கும் 2010-க்கும் இடையில் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. அதற்காக 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தரை. அவர்கள் மற்றவர்களைவிட உடல்நலமும் வசதியும் கூடியவர்கள். காரணங்களைத் தேட அது பேருதவி. "நாட்டில் எத்தனை பேருக்கு இந்த நோய்" என்று கேட்க அது ஏற்ற இடம் அன்று.

நிலவன்

நான் தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டால் ஆளை அடையாளம் காண முடியாது என்று படிவங்களில் எழுதியிருந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லடான்யா ஸ்வீனி என்னும் ஆய்வாளர் 2000-இல் காட்டியது இது: பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும். மூளைப் படங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையோடு முகத்தின் வடிவமும் பதிந்துவிடுகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 84 தன்னார்வலர்களின் படங்களிலிருந்து முகங்களை மீட்டுருவாக்கி, பொதுவில் கிடைக்கும் முகமறி மென்பொருளிடம் அவர்களுடைய ஒளிப்படங்களோடு கொடுத்தபோது, 70 பேரை அது சரியாகப் பொருத்திவிட்டது. அதனால்தான் பொறுப்புள்ள திட்டங்கள் படத்தைப் பகிர்வதற்கு முன் முகப் பகுதியை அழித்துவிடுகின்றன. உங்கள் படிவத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மரபணுவைப் பொறுத்தவரை, தொகுத்துக் கொடுத்த எண்களிலிருந்துகூட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று கண்டுபிடிக்கலாம் என்று 2008-லேயே நிறுவப்பட்டது. அதன் பின் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அவ்வகைத் தொகுப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கின.

மரபணு உங்கள் அப்பாவுக்கு மட்டும் உரியதும் அன்று. அதில் பாதி உங்களுடையது. அவர் இடும் கையெழுத்து ஓரளவுக்கு உங்களுக்காகவும் இடப்படுகிறது. ஆகவே உங்கள் தயக்கத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் தரவு போகாமலேயே கூட்டாய்வு செய்யும் வழிகளும் இருக்கின்றன. 2009-இல் தொடங்கிய எனிக்மா என்னும் மூளைப்பட ஆய்வுக் கூட்டமைப்பின் பல ஆய்வுகளில், ஒவ்வொரு மையமும் ஒரே கணிப்பு நிரலைத் தன் இடத்திலேயே ஓடவிட்டு, கிடைத்த சராசரிகளையும் பிழையளவுகளையும் மட்டும் அனுப்பியது. வேறு சில திட்டங்களில் ஆய்வாளர் பாதுகாக்கப்பட்ட கணினிச் சூழலுக்குள் வந்து பார்க்கலாம். தனிநபர் தரவு எதையும் வெளியே எடுத்துச் செல்ல முடியாது, முடிவு அட்டவணைகூட ஒருவரால் சரிபார்க்கப்பட்ட பிறகே வெளியேறும். "வேறு நாட்டு நிறுவனங்களால் ஆராயப்படலாம்" என்ற அந்த வாக்கியத்துக்குக் கோப்பு விமானம் ஏறுகிறது என்றும் பொருள் இருக்கலாம், கேள்வி மட்டும் வந்து விடையோடு திரும்புகிறது என்றும் பொருள் இருக்கலாம். எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வெண்ணிலா

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஹன்டிங்டன் என்னும் பரம்பரை மூளை நோய் இருக்கிறது. என் தாயாரும் தாய்மாமாவும் அதில் போய்விட்டார்கள். எனக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நான் சோதித்துக்கொள்ளவில்லை.

இந்த நோயின் மரபணுவைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள். நான்சி வெக்ஸ்லர் என்னும் ஆய்வாளரின் தலைமையில் 1979 முதல் பல ஆண்டுகள் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். 18,000-க்கும் மேற்பட்டோரின் வம்சவரலாற்றை வரைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இரத்தம் கொடுத்தார்கள். 1983-இல் நான்காம் குரோமோசோமில் இடம் தெரிந்தது, 1993-இல் மரபணுவே கிடைத்தது. இன்று நான் விரும்பினால் ஒரு குழாய் இரத்தத்தில் விடையை அறிந்துகொள்ள முடிகிறது என்றால், அது அந்த மீனவக் குடும்பங்கள் நீட்டிய கைகளால்தான். வெக்ஸ்லரின் தாயாரும் அதே நோயால் இறந்தவர் என்பதையும், வெக்ஸ்லருக்கும் அது இருப்பதாக அவரே 2020-இல் வெளியில் சொன்னார் என்பதையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் அந்த ஏரிக்கரை மக்கள் இன்னும் வறுமையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் பிறந்திருக்க முடியாத அறிவு, அவர்களுக்கு மருந்தாகவோ நல்ல கவனிப்பாகவோ போய்ச் சேரவில்லை. என் சொந்த அனுபவம் இதில் சிறியது. பல ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஓர் ஆய்வுக்காக மூன்று முறை இரத்தமும் ஒரு முறை முதுகுத் தண்டுவட நீரும் கொடுத்தார். அது என்ன ஆயிற்று, எதைக் கண்டார்கள் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. தண்டுவட நீர் எடுத்த பிறகு இரண்டு நாள் தலைவலியில் படுத்திருந்தார். "ஏதாவது தெரிந்ததாமா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஆகவே தேன்மொழி, ஒப்புதல் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொடுக்கும்போது, எங்களுக்கு எப்போது, எப்படித் தெரிவிப்பீர்கள் என்று கேளுங்கள்.

மருத்துவர் செழியன்

வெண்ணிலா அம்மா, அந்தக் கேள்வி என் நோயாளிகளிடமிருந்தும் வருகிறது. நானும் பலமுறை விடையின்றி நின்றிருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

பொன்னி

நான் ஒரு நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். தேன்மொழியின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

விலகும் உரிமை உண்டு. உலக மருத்துவச் சங்கம் 2016-இல் தைபேயில் திருத்திய அறிக்கை, நலத் தரவுத்தளங்களுக்கும் உயிரிய மாதிரிக் கிடங்குகளுக்கும் உரிய நெறிகளை வகுத்தபோது, ஒப்புதலை எந்நேரமும் மாற்றிக்கொள்ளவும் விலகவும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் விலகல் என்பது அன்றிலிருந்து முன்னோக்கித்தான் செல்லும். ஏற்கெனவே ஒரு சராசரிக்குள் கரைந்துவிட்ட எண்ணை மீண்டும் பிரித்தெடுக்க இயலாது. மீதமுள்ள இரத்தத்தை அழிப்பார்களா, இணைப்பை மட்டும் துண்டிப்பார்களா, இனி அழைக்க மாட்டோம் என்பதோடு நின்றுவிடுவார்களா என்ற மூன்றும் வெவ்வேறு. படிவத்தில் "விலகலாம்" என்று மட்டும் இருந்தால் எங்கள் குழு அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "எதிர்கால ஆய்வுகளுக்கு" என்ற சொற்களை நான் முன்பெல்லாம் கடுமையாக எதிர்த்திருக்கிறேன். மதிவாணன் சொன்ன படையினரின் சீரத்தைப் போன்ற செய்திகளைப் படித்த பிறகு என் எதிர்ப்பு தளர்ந்தது. இரத்தம் எடுத்த நாளில் யாரும் நினைத்திராத கேள்விக்குத்தான் அது விடை சொல்லியிருக்கிறது. ஆனால் பயன் திறந்திருக்கலாம் என்றால், பயன்படுத்துவதற்கு யார் அனுமதி கொடுக்கிறார்கள் என்பது வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு புதிய கோரிக்கையையும் பார்த்து முடிவெடுக்கும் குழு யார், அதில் நோயாளிகள் இருக்கிறார்களா, மருந்து நிறுவனங்களுக்குத் தரவு போகுமா, ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தடை உண்டா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை ஒன்றுதிரட்ட முயன்ற கேர்.டேட்டா திட்டம் 2016-இல் கைவிடப்பட்டது. நோக்கம் தவறென்று அங்கே எல்லோரும் சொல்லவில்லை. மக்களிடம் சரியாகச் சொல்லாமல் தொடங்கியதை எவராலும் பின்னால் சரிசெய்ய முடியவில்லை.

அருவி

இத்தனை நிபந்தனைகள் போட்டால் ஆய்வே நடக்காது என்று என் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அனுமதி கிடைப்பதற்குள் நோயாளிகள் இறந்துவிடுகிறார்கள் என்பார்.

பொன்னி

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அருவி. 2021 கணக்கின்படி உலகில் 340 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு நரம்பியல் பாதிப்பு இருக்கிறது. தாமதத்துக்கும் விலை உண்டு. ஆனால் தாமதத்தில் பெரும்பகுதி, ஒரே ஆய்வை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு குழு தனித்தனிப் படிவத்தில் முதலிலிருந்து பார்ப்பதால் வருகிறது. நோயாளியிடம் தெளிவாகச் சொல்வதால் வருவதன்று. முதலாவதைக் குறைக்கலாம், அதற்கு விதிகளை ஒருங்கிணைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நலத்தரவு வெளிச் சட்டம் அந்த வழியில் ஒரு முயற்சி. அதிலும் ஆய்வுப் பயன்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை மக்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

தேன்மொழி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஆய்வு ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்தேன். நீங்கள் தந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். முகப் பகுதியை அழித்த பிறகே படங்களைப் பகிர்வார்கள். மருத்துவப் பதிவுகள் இங்கேயே இருக்கும், வெளிநாட்டு ஆய்வாளர்கள் பாதுகாக்கப்பட்ட சூழலுக்குள் வந்து பார்ப்பார்கள். மரபணு விவரம் மட்டும் வேறு நாட்டிலுள்ள ஒரு பொதுக் கிடங்குக்குப் போகும். விலகினால் மீதி இரத்தத்தை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தருவார்கள். முடிவுகளைத் தெரிவிப்பது பற்றிக் கேட்டபோதுதான் அவர் தயங்கினார். பங்கேற்பாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு மடல் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு, அதைப் படிவத்தின் பின்னிணைப்பாகச் சேர்க்க நெறிமுறைக் குழுவுக்கு எழுதுகிறேன் என்றார். வெண்ணிலா அக்கா, அந்தக் கேள்வியை உங்கள் தாயாரை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

மரபணுப் பகுதியைப் பற்றி நானும் தம்பியும் அப்பாவும் இரவு நெடுநேரம் பேசினோம். மூவரும் ஒப்பிய பிறகு, அப்பா இன்று காலை தம் கையாலேயே கையெழுத்திட்டார். எழுத்து மிகச் சிறியதாகிவிட்டது, ஆனாலும் அவருடையதுதான்.

செழியன் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுதப்படாதவற்றைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்து ஒன்று மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. நடுக்கம் தொடங்குவதற்கு எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் வீட்டில் எரிவாயு கசிந்து நாங்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்தபோது, அப்பா மட்டும் ஒன்றும் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மூக்கடைப்பு என்று நினைத்தோம். அதே காலத்தில் தூக்கத்தில் கையை வீசி அம்மாவை அடித்துவிடுவார். கனவு என்று விட்டுவிட்டோம். இவை அவருடைய எந்தப் பதிவிலும் இல்லை. இப்போது சொன்னால் பயன்படுமா?

மருத்துவர் செழியன்

பயன்படும், அம்மா. வாசனை தெரியாமல் போவதும், கனவில் கைகால்களை வீசுவதும் பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னரே வரக்கூடியவை, பி.பி.எம்.ஐ. என்னும் பன்னாட்டு ஆய்வில் நோய் இன்னும் வெளிப்படாதவர்களுக்கே வாசனைத் தேர்வு வைத்துப் பார்க்கிறார்கள். ஆண்டை நினைவிலிருந்து மட்டும் சொல்லாமல், வீடு மாறியது, தம்பி பள்ளி முடித்தது போன்ற ஏதேனும் ஒன்றோடு பொருத்திக் கணக்கிடுங்கள். அம்மா இருந்தால், தூக்கத்தில் நடந்தது எப்போது தொடங்கியது என்பதை அவரிடம் தனியாகக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள், ஒன்றாக்க வேண்டாம். அந்தத் தாளில் "குடும்பத்தார் கூற்று" என்று தலைப்பிட்டு, தேதியிட்டு, ஒருங்கிணைப்பாளரிடமும் உங்கள் மருத்துவரிடமும் ஒவ்வொரு படி கொடுங்கள்.